கத்தி எடுக்குமுன் பார்க்கும் படம்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் பெரியப்பாவுக்குச் செங்கமாரி கண்டது. சதையியிலே புற்றுநோய் என்றார்கள். படமெடுத்துப் பார்த்த வைத்தியர், "இதை வெட்டுவதற்கில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கைவிட்டார்களென்று வீடே அழுதது. நானும் அப்படியே எண்ணினேன். அந்தப் படத்தில் அவர் எதைக் கண்டார் என்பதைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். அதையே இன்று பேச வந்தேன்.

சி.ரி. எனப்படும் இப்படமுறையை ஆக்கியவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்ட். 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படம்பிடிக்கப்பட்டது. 1979இல் கோர்மக் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சதையி இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்கு முன்னே கிடப்பது, தொட்டறிதல் அரிது. குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய நாடியும், குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளமும் அதை ஒட்டியே ஓடுகின்றன. வில்லங்கம் இங்கேதான். அயடீன் சேர்ந்த மருந்தை ஏற்றி, ஏறக்குறைய 40 முதல் 50 செக்கன்களில் ஒருமுறையும், 70 செக்கன் அளவில் மறுமுறையும் படமெடுப்பர். முதற் படத்தில் சதையி பிரகாசிக்கும். குருதி குறைந்த கட்டியோ பெரும்பாலும் மங்கித் தெரியும். இரண்டாவதில் நாளங்களும் ஈரலும் துலங்கும்.

கட்டிக்கும் அந்த நாடிக்கும் இடையே கொழுப்புப் படலம் தெளிவாயிருந்தால் வெட்டலாம். நாடியின் சுற்றளவிற் பாதிக்கு மேல், அதாவது 180 பாகைக்கு மேல், கட்டி தழுவியிருந்தால் பொதுவாக வெட்டார். அதற்குட்பட்டதாயின் எல்லைக்கோட்டு நிலை. முதலில் மருந்து கொடுத்துப் பார்ப்பர். நாளத்தையோவெனில் சிலரில் வெட்டி மீளப் பொருத்தவுங் கூடும். ஈரலுக்குப் பரவியிருந்தால் கத்திக்கு வேலையில்லை. நோயை அறியும்போது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே, அதற்குங் குறைவாகவே என்பாருமுளர், வெட்டும் வாய்ப்பு உண்டு.

படமும் பிழைவிடும். ஈரலிலுள்ள நுண்ணிய பரவல்கள் அதற்குத் தப்பிவிடும். மருந்துக்குப்பின் எஞ்சியது தழும்போ கட்டியோ என்று பிரித்தறிவதும் கடினம். செங்கமாரி தணியப் பித்தக்குழாயிற் குழல் வைக்குமுன் படமெடுப்பதே நலம். வைத்தபின் உண்டாகும் அழற்சி பார்வையைக் குழப்பும்.

பெரியப்பாவின் கட்டி நாடியை முழுவதுஞ் சூழ்ந்திருந்தது. ஏழு மாதம் வீட்டிலே, தம் சாய்மனைக் கதிரையிலே இருந்தார். வெட்டியிருந்தால் அவற்றிற் பலநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கழிந்திருக்கும். நோயோ உள்ளேயே இருந்திருக்கும். படித்ததையெல்லாம் பெரியம்மாவுக்கு விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இதை அண்டைக்கே ஆரும் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார்.