ரோஜாவும் ராகியும் விளையும் மண்ணில் ஒரு தோட்டத்துக் கல்யாணம்

ஓசூர், பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பண்ணை வீட்டில் கல்யாணம் வைக்க விரும்பும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. பிள்ளைகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து ஜெர்மனி, அமெரிக்கா, சிங்கப்பூர் என்று போகிறார்கள். கல்யாணத்துக்கு அங்கிருந்து நண்பர்கள் வருகிறார்கள். சில வீடுகளில் பெண்ணோ மாப்பிள்ளையோ அங்கிருந்தே வருகிறார்கள். "மண்டபம் வேண்டாம்ப்பா, மரத்தடியில நடக்கட்டும், யாரும் பதறாம இருக்கட்டும்" என்பதுதான் பிள்ளைகள் கேட்பது. அதை இந்த எல்லைப் பகுதியில் அழகாகச் செய்து முடிக்கலாம். அதற்கு ஊரின் பருவத்தையும் வழிகளையும் சட்டத்தையும் மணவீட்டார் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

பலர் அலங்காரப் படங்களில் தொடங்குகிறார்கள். தேதியில் தொடங்குவதே சரி.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு. அதனால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வெயில். சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகள் காய்த்துக் குலுங்கும். பந்தலுக்குக் கீழேயோ அனல் அடிக்கும். மாலையில் இடி மின்னலுடன் மழை வந்தால் திறந்தவெளி மேடை நனைந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் மழை இன்னும் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவதில் சிறந்தது தை மாதம். வானம் தெளிந்திருக்கும், பகல் வெயில் உறுத்தாது, இரவில் குளிர் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். குளிர்நாட்டிலிருந்து வருகிற விருந்தினருக்கு இதைவிட நல்ல மாதம் இங்கே கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் மாலை நிகழ்ச்சியில் சால்வையும், உட்காருமிடத்துக்குப் பின்புறம் காற்று மறைப்பும் தேவைப்படும்.

ஆனால் தை மாதத்துக்கு இந்த ஊரில் இரண்டு பங்காளிகள் உண்டு. ஒன்று ரோஜா, இன்னொன்று யானை.

ரோஜாவை முதலில் பார்ப்போம். அமுதகொண்டப்பள்ளி, பாகலூர், பேரிகை, தளி வட்டாரத்தில் பசுமைக்குடில்களில் விளையும் கொய்மலர் ரோஜா, பிப்ரவரி 14 காதலர் தினத்தைக் குறிவைத்தே கவாத்து செய்யப்படுகிறது. ஜனவரி கடைசி வாரத்திலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதி சூடு பிடிக்கும். இருபது பூக்கள் கொண்ட கட்டின் விலை அந்த நாட்களில் ஏறிவிடும். 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரகத்துக்குத்தான் கிராக்கி. கல்யாணத் தேதி பிப்ரவரி முதல் பாதியில் விழுந்தால், சிவப்பு ரோஜாவைத் தேடி அலைவதில் காசும் போகும், நிம்மதியும் போகும்.

இதற்கு உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த வழி இருக்கிறது. ஏற்றுமதிக்கு நீளமான தண்டு வேண்டும். தண்டு குட்டையாக இருக்கும் பூ எவ்வளவு அழகானாலும் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போகாது. மேசை மேல் சொம்பில் வைக்கவும், மணவறைத் தூணில் சுற்றவும் குட்டைத் தண்டே போதும். தோட்டக்காரரிடம் ஒரு மாதம் முன்பே பேசி அந்தப் பூவைக் கேட்டு வைத்தால் இருவருக்கும் லாபம். கூடவே திறந்தவெளியில் விளையும் சாமந்தியும் சம்பங்கியும் இருக்கின்றன. மஞ்சளும் வெள்ளையும் கலந்த பந்தல், சிவப்பு ரோஜாவும் ஞெகிழி இலைகளும் கலந்த பந்தலைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. வெளியூரிலிருந்து ஆர்கிட் வரவழைத்து, அதை நுரைப்பஞ்சில் குத்தி, மறுநாள் குப்பையில் கொட்டுவதற்கு 'இயற்கைக் கல்யாணம்' என்று பெயர் வைப்பது தகாது. தென்னங்கீற்று, வாழை மரம், மாவிலைத் தோரணம், பாக்குக் குலை, குருத்தோலைப் பின்னல் ஆகியவை சடங்கு முடிந்ததும் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்ச் சேரும். கீற்றுப் பந்தலில் சூடேறும் விளக்குகளை மட்டும் கட்டவிடக் கூடாது. காய்ந்த ஓலை நொடியில் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது யானை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த மண்ணில் யானைக்கு உள்ள உரிமையை மதித்துச் சொல்கிறது இந்த உரை. பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் ஜவளகிரி, தளி, ஓசூர் காடுகளுக்குள் வருகின்றன. ராகி கதிர் பிடிக்கும் காலம் அது. அறுவடை முடிந்து பல வாரங்கள் ஆகும்வரை அவை இந்தப் பக்கம் இருக்கும். ராயக்கோட்டை சாலையில் உள்ள சானமாவு காட்டில் அவை முகாமிடுவது உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தமிழக அரசு 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தையும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயத்தையும் அறிவித்ததன் பின்னணியிலும் இந்த வலசை இருக்கிறது.

ஆகவே பண்ணை வீட்டைப் பார்க்கப் போகும்போது, "குளம் இருக்கா, புல்வெளி இருக்கா" என்று கேட்பதோடு "காட்டு ஓரம் எவ்வளவு தூரம், போன வருஷம் யானை வந்ததா" என்றும் பக்கத்து விவசாயியிடம் கேட்க வேண்டும். காட்டை ஒட்டிய இடமென்றால் வாணவேடிக்கை கூடவே கூடாது. வெடிச்சத்தத்தில் மிரண்ட கூட்டம் அடுத்தவர் வயலுக்குள் ஓடும். பல மாதம் உழைத்து விளைவித்த ராகி ஒரே இரவில் போகும். விருந்து மிச்சத்தையும் பலாப்பழத் தோலையும் வேலியோரம் கொட்டக் கூடாது. வனச்சரக அலுவலகத்துக்குத் தேதியை முன்னதாகவே தெரிவித்துவிட்டால், யானை நடமாட்டம் பற்றிய தகவல் மணவீட்டாருக்கும் வந்து சேரும்.

யானை நடமாட்டம் பயண ஏற்பாட்டையும் மாற்றுகிறது. கெம்பேகவுடா விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, ஓசூரோ தெற்கே. சுமார் 75 கிலோமீட்டர். நகரத்தின் குறுக்கே மாலை நெரிசலில் வந்தால் மூன்று மணி நேரம் ஆகும். ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இறங்குகின்றன. சாலை காலியாக இருக்கும் நேரம்தான். ஆனால் அதுவே தளி, ஜவளகிரிச் சாலையில் யானை கடக்கும் நேரமும் கூட. நெடுநேரம் பறந்து வந்தவரை இருட்டில் அந்தச் சாலையில் கொண்டுபோக வேண்டாம். முதல் இரவு ஓசூர் நகரத்து ஓட்டலில் தூங்கட்டும். நன்றாக விடிந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வரட்டும். ஓசூரிலேயே விமான நிலையம் என்ற அறிவிப்பு 2024 ஜூனில் வந்தது. அதை நம்பி இப்போது தேதி குறிக்க முடியாது.

வண்டி பேசும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். அத்திப்பள்ளி தாண்டினால் மாநிலம் மாறுகிறது. அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டியாகப் பார்த்துப் பேசினால் எல்லையில் வரி, பெர்மிட் என்று நின்று பேசும் வேலை குறையும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்து உறவினருக்கோ வந்தே பாரத் ரயிலே வசதி. 2023 டிசம்பர் 30இல் தொடங்கிவைக்கப்பட்ட கோவை - பெங்களூர் கன்டோன்மென்ட் வண்டி ஓசூரில் நிற்கிறது.

எல்லை என்றதும் மதுப் பேச்சையும் முடித்துவிடலாம். கர்நாடகத்தில் வாங்கிய பாட்டில்களை வண்டியில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. 2023 ஏப்ரலில் கல்யாண மண்டபங்களுக்கும் மது உரிமம் என்று ஆணை வந்து, எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. விருந்தினருக்கு இதை அழைப்பிதழோடு சொல்லிவிடுவது மரியாதை. இளநீரும் பானகமும் நீர்மோரும் கிருஷ்ணகிரி மாம்பழச் சாறும் இருக்கிற ஊரில் பானத்துக்குப் பஞ்சமில்லை.

முகூர்த்த நேரம் பற்றி அவசியம் பேச வேண்டும். நம் வழக்கப்படி நாலரை, ஆறு மணி முகூர்த்தம் சிறப்பு. ஆனால் இங்கே காலை ஆறு மணி என்றால் ஜனவரியில் ஜெர்மனியில் நள்ளிரவு ஒன்றரை மணி. முந்தின நாள் வந்து இறங்கியவரின் உடம்பு அந்தக் கணக்கில்தான் இருக்கும். மேலும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம் பார்த்துத் தரும்படி ஜோசியரிடம் கேட்டால், சாஸ்திரமும் நிற்கும், விருந்தினரும் விழித்திருப்பார்கள். நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை; தவிலோடு சேர்ந்தால் தோப்பு முழுவதும் கேட்கும். புதிதாகக் கேட்பவர்கள் பக்கத்தில் உட்காராதபடி முப்பது அடி தள்ளி மேடை போட்டால் போதும்.

நிகழ்ச்சிகளைக் குறைப்பதும் நல்லது. மெஹந்தி, சங்கீத், ஹல்தி, காக்டெயில் என்று வேற்றூர் வரிசையை அடுக்கினால் வந்தவர்கள் உடை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் மாலை நலங்கு, மறுநாள் காலை தாலி, மதியம் பந்தி. இடைப்பட்ட நேரம் ஓய்வுக்கு. ஊர் பார்க்க விரும்புவோரை மல்லசந்திரத்தில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளுக்கோ, தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டுக்கோ அழைத்துப் போகலாம். இதெல்லாம் இருக்கிற இடத்தில் செயற்கை நீர்வீழ்ச்சி கட்டித் தருகிறேன் என்பவர்களுக்கு வேலையில்லை.

ட்ரோன் படம் எடுக்க ஆசைப்படுவோருக்கு ஒரு தகவல்: பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமான ஓடுதளம் இருக்கிறது. தளி சாலைப் பண்ணைகள் பலவும் அதற்கு அருகில். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பண்ணையின் இடம் எந்த வண்ணத்தில் வருகிறது, அங்கே பறக்கவிட அனுமதி உண்டா என்று படப்பிடிப்பாளர் பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும். வெளிநாட்டு நண்பர் பெட்டியில் ட்ரோன் கொண்டுவந்தால் சுங்கத்திலேயே நின்றுவிடும். 2022 முதல் இறக்குமதிக்குத் தடை.

பந்தியில் ஊர்ச் சாப்பாட்டுக்கு இடம் கொடுங்கள். சிறு உருண்டையாக ராகிக் களி, கீரைக் கடைசல், தை மாதத்து அவரைக்காய்ப் பருப்புக் குழம்பு, ஒப்பட்டு என்னும் போளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஊரின் ருசி இது. காரம் தனியாக இருக்கட்டும். எதில் நிலக்கடலை, எதில் முந்திரி, எதில் பால் என்று வரிசை முன்னால் எழுதி வைத்தால் ஒவ்வாமை உள்ளவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஞெகிழித் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் தடை. வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், சுத்திகரித்த தண்ணீர் கேன் போதும். தோட்டத்துக் கழிப்பறைகள் எத்தனை பேருக்குத் தாங்கும் என்பதை வீடு பிடிக்கும் நாளிலேயே கணக்குப் போட வேண்டும். பத்து பேர் வாழும் வீட்டின் தொட்டி இருநூறு பேருக்கு நிரம்பி வழியும்.

தாம்பூலப் பை மஞ்சப்பையாக இருக்கட்டும். உள்ளே மரக்கன்று, விதை, தேங்காய் வைப்பது உள்ளூர் உறவுக்கு மட்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர் பையில் அவை இருந்தால் விமான நிலையத்தில் பறிமுதலும் அபராதமும் வரலாம். வெளிநாட்டினருக்குக் கைத்தறித் துண்டோ குங்குமச் சிமிழோ பொருத்தம்.

இனி காகித வேலை. அயல்நாட்டுக் குடிமகன் யார் வீட்டில் தங்கினாலும், அது ஓட்டலோ பண்ணை வீடோ மாமா வீடோ, 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தெரிவிப்பது தங்கவைப்பவரின் பொறுப்பு. நெடுங்காலமாக 'சி படிவம்' என்று வழங்குவது இதுவே. பண்ணை உரிமையாளருக்கு இது தெரியுமா என்று முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டும்.

பெண்ணோ மாப்பிள்ளையோ வெளிநாட்டுக் குடிமகன் என்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் பெரும்பாலும் பொருந்தும். இருவரில் ஒருவர் அறிவிப்பு கொடுக்கும் மாவட்டத்தில் அதற்கு முன் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்த பிறகு இன்னொரு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுப்பில் வருகிறவர்களால் இதை முடிக்க முடியாது. தோட்டத்துச் சடங்கு ஒரு நாள், பதிவு வேறொரு நாள் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை. இருவரும் இந்துக்களாக இருந்து, புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்ள விரும்பினால், அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணத் திருத்தம் அதற்கு இடம் தருகிறது. எந்த முறையில் நடந்தாலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழில் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சார்பதிவாளர் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பார்த்துவிடுங்கள். துணைக்கு விசா கேட்கும்போது அந்தச் சான்றிதழுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை பல நாடுகளில் கேட்கப்படும். அதற்கும் சில வாரங்கள் ஆகும் என்பதால், திரும்பும் விமானச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம்; உள்ளூரில் இருக்கும் ஒரு உறவினருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துவிட்டுப் புறப்படலாம்.