மருந்தும் வேண்டும், சோறும் வேண்டும்
(சாத்தூரில் ஆற்றிய உரை)



காசநோய் வந்தால் தலைவிதி என்று அழுத காலம் மலையேறிவிட்டது. இன்று மருந்து இருக்கிறது. ஆனாலும் சிலருக்கு முக்கிய மருந்துகள் பலிப்பதில்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தினால், அதற்குச் சாகாத கிருமிகள் மிஞ்சிப் பெருகுகின்றன. அவை இருமல் வழியே, மருந்தே தொடாத இன்னொருவரையும் பிடிக்கும். ஆகவே நோயாளியைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

உடம்புக்குள் நடப்பது என்ன? நுரையீரலில் புகும் கிருமியைக் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. அது லேசில் சாகாது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கும்! வேறு அணுக்கள் வந்து சுற்றி வளைத்து, மதில் எழுப்பிச் சிறை வைக்கின்றன. பெரும்பாலோருக்கு அந்தச் சிறை ஆயுள் முழுதும் நிலைக்கிறது. பட்டினி, சர்க்கரை வியாதி, எய்ட்ஸ், கல்குவாரித் தூசி இவையெல்லாம் அந்தக் காவலைக் குலைக்கும். மருந்துக்கு அடங்காத காசத்திலோ போர் நீண்டு, காவல் அணுக்களே களைத்துப் போகின்றன. எதிர்ப்பு எல்லை மீறினாலும் ஆபத்து. நுரையீரலையே அரித்துக் குழி பறித்துவிடும். அந்தக் குழிக்குள் மருந்து சரியாக எட்டாது.

சோறு மட்டும் போதும் என்கிறோமா? இல்லை. 1956-ல் சென்னையில் துவங்கிய ஆராய்ச்சியில், வீட்டில் அரைவயிற்றுக் கஞ்சியோடு இருந்தவர்களும் ஆஸ்பத்திரியில் நன்றாகச் சாப்பிட்டவர்களும் மருந்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தார்கள். மருந்துதான் முதல் ஆயுதம். ஆனால் ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியைப் பாருங்கள். நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்ததில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் காசம் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2 மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவு. சாப்பாட்டின் பலத்தைப் பாருங்கள், தோழர்களே!

அடங்காத காசத்துக்கு 6 மாதத்தில் முடியும் மாத்திரைச் சிகிச்சை 2024-ல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டது. முன்பு ஒன்றரை வருஷத்துக்கு மேலும் இழுத்தது. சரி, அந்த 6 மாதம் கஞ்சிக்கு வழி? ஈ.எஸ்.ஐ.யில் 2 வருஷம் சந்தா கட்டிய மில் தோழருக்குக் காசநோய் என்றால், நீண்டகாலச் சலுகையாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கும் களையெடுக்கும் கூலியாளுக்கும் அது கிடையாது. சர்க்கார் தரும் மாதம் 1000 ரூபாய்தான். 2024 நவம்பருக்கு முன் 500. நாளுக்கு 33 ரூபாய்! இதில் முட்டை வாங்குவதா, பஸ்ஸுக்குக் கொடுப்பதா?

சிகிச்சை முடியும்வரை குடும்பம் முழுவதற்கும் ரேஷனில் கூடுதல் அரிசி, பருப்பு, ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு நோய்க்காலக் கூலி. இவ்விரண்டையும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துத் தாள் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.