நாமும் புனிதராக முடியுமா?

(புனிதர் அனைவர் பெருவிழாவுக்கான வானொலி மறையுரை)





ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் நாள் திருச்சபை இந்த விழாவைக் கொண்டாடுகிறது. மறுநாள் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்துபோன நம்மவர்களுக்காக மன்றாடுகிறோம். இந்த இரண்டு நாள்களும் அடுத்தடுத்து வருவதற்குப் பொருள் உண்டு. விண்ணகத்தில் இறைவனைக் கண்டு மகிழ்கிறவர்கள், தூய்மை பெறக் காத்திருக்கிறவர்கள், இந்த மண்ணில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் நாம் ஆகிய மூவரும் ஒரே குடும்பம் என்பது நம் விசுவாசம். ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் நாம் சொல்லும் புனிதர்களுடைய சமூக உறவு என்பது இதுதான்.

புனிதர்களைப் பற்றி நம் பிற சபைச் சகோதரர்கள் சில நேரம் நம்மிடம் கேள்வி கேட்பார்கள். "நீங்கள் புனிதர்களைக் கும்பிடுகிறீர்களே, அது சரியா?" என்பார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம். நம் வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் அடுத்த வீட்டு அக்காவிடம், "எங்களுக்காகக் கொஞ்சம் செபியுங்கள்" என்று கேட்கிறோம். அந்த அக்கா கடவுளின் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று யாரும் சொல்வதில்லை. சாவு நம் உறவுகளை அறுத்துவிடாது என்று நம்புவதால், விண்ணகத்தில் இருப்பவர்களிடமும் அதே உதவியைக் கேட்கிறோம். அவ்வளவே.

இன்னொரு தெளிவும் வேண்டும். திருச்சபை யாரையும் புனிதர் ஆக்குவதில்லை. கடவுளின் அருளால் ஏற்கெனவே புனிதராய் வாழ்ந்தவரை, நீண்ட விசாரணைக்குப் பின் உலகத்துக்கு அறிவிக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர். இன்றைய முதல் வாசகத்தில் யோவான் காட்சியில் கண்டதோ எண்ணித் தொகைப்படுத்த முடியாத பெருங்கூட்டம். எல்லா நாட்டவரும் எல்லா மொழியினரும் அதில் இருந்தார்கள். பெயர் அறியாத அந்தக் கூட்டத்துக்கு உரிய நாள் இது. நம் பாட்டன் பாட்டிகளில் பலர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்று நம்பலாம்.

அன்பார்ந்தவர்களே, புனிதம் என்றால் என்ன என்று அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் அலுவலராக இருந்தார். வசதியும் செல்வாக்கும் இருந்தன. மனைவி பார்கவி அம்மாளோடு இல்லறம் நடத்தினார்.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட படைத்தலைவர் தெலனாய், பின்னர் மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் பொறுப்பைப் பெற்று உதயகிரிக் கோட்டையில் வாழ்ந்தார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு உண்டாயிற்று. குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்தபோது, தெலனாய் அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்த பின்னும் கடவுளை விட்டுவிடாத ஒரு மனிதரின் கதை அவரைத் தொட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு முதலில் நற்செய்தி சொன்னவர் குருவானவர் அல்லர், ஆயரும் அல்லர். உடன் வேலை பார்த்த ஒரு நண்பர். அதுவும் மேடை போட்டுச் சொல்லவில்லை, துன்பத்தில் இருந்தவரின் பக்கத்தில் அமர்ந்து சொன்னார். நம் அலுவலகத்தில், நம் தெருவில், மனம் உடைந்து இருக்கிறவரின் பக்கத்தில் நாம் கடைசியாக அமர்ந்தது எப்போது?

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று சூட்டினார்கள். கடவுளே என் துணை என்பது அதன் பொருள். மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன் பின் அவர் வாழ்வில் ஒரு மாற்றம் தெரிந்தது. அந்தக் காலத்தில் சாதி பார்த்துத்தான் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், பார்த்துத்தான் உண்டார்கள், இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்றுகூட வரையறை இருந்தது. உயர்ந்த குலம் என்று கருதப்பட்ட குடும்பத்தில் பிறந்த தேவசகாயமோ, தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார், அவர்களோடு உண்டார். ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். பலருக்கு அது பொறுக்கவில்லை.

1749 பிப்ரவரி 23 அன்று அவர் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும். தடியால் அடித்தார்கள், காயங்களில் மிளகாய்த்தூள் தடவினார்கள், வெயிலில் நிறுத்தினார்கள், எருமையின் மேல் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் முழங்கையால் பாறையில் இடிக்க, தண்ணீர் ஊறியது என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். முட்டிடிச்சான் பாறை என்ற பெயரே அதற்குச் சாட்சி. பெருவிளையில் அவரை மரத்தில் கட்டி வைத்தார்கள். அங்கும் மக்கள் அவரைத் தேடி வந்து, செபம் கேட்டுப் போனார்கள்.

1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயது நிறையவில்லை. காட்டில் கிடந்த அவருடைய எச்சங்களை விசுவாசிகள் எடுத்து வந்து கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டவர்கள் பத்துப் பேர். அவர்களில் குருவோ துறவியோ அல்லாதவர் அவர் ஒருவரே. இந்தியாவில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் பொதுநிலையினர் அவர்.

அன்புக்குரியவர்களே, கணக்குப் பார்த்தால் அவருடைய கிறிஸ்தவ வாழ்வு ஏழு ஆண்டுகூட நிறையவில்லை. அதிலும் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு விலங்கில் கழிந்தது. நம்மில் பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகள் கிறிஸ்தவர்களாக இருக்கிறோம். புனிதத்துக்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை என்று அவர் நமக்குக் காட்டுகிறார். பெற்ற அருளை எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டோம் என்பதுதான் கேள்வி.

"அவர் இரத்தம் சிந்தினார், அது நம்மால் ஆகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டுபோனது ஒரே நாளில் எடுத்த வீர முடிவு அன்று. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யாரைத் தொடுவது, யாரைச் சகோதரன் என்று அழைப்பது என்ற அன்றாடக் காரியங்களில் தொடங்கிய பயணம் அது. அந்தத் தொடக்கம் நம் எல்லோருக்கும் எட்டக்கூடியதே.

இங்கே ஒரு வேதனையான வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டப்பட்ட ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கம் என்று மக்களைப் பிரித்துத் தடுப்புச் சுவர் இருந்தது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவே சுவர். 1910ஆம் ஆண்டு அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அது மறுபடியும் வேண்டும் என்று கேட்டு ஒரு சாரார் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது. ஒரு மறைசாட்சியைப் பெற்றெடுத்த ஊரிலேயே, அவர் எதற்காக உயிரைக் கொடுத்தாரோ அதை மறந்துவிட முடிந்தது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த மறதி நமக்கும் வரக்கூடியது.

கல்லால் கட்டிய சுவர் போய்விட்டது. பெண் பார்க்கும்போது எழும் சுவர் போய்விட்டதா? பங்குப் பேரவைத் தேர்தலில், திருவிழாப் பொறுப்புகளைப் பிரிக்கும்போது, அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்று முடிவு செய்யும்போது எழும் சுவர் போய்விட்டதா? பத்து நாள் திருவிழா நடத்துகிறோம். கொடியேற்றுகிறோம், தேர் இழுக்கிறோம், வாணவேடிக்கை விடுகிறோம். நல்லதுதான். ஆனால் புனித தேவசகாயத்தின் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே, பக்கத்துத் தெருக்காரரை மனதுக்குள் தள்ளி வைத்தால், நாம் யாரைக் கொண்டாடுகிறோம்? உரோமையில் புனிதர் பட்டம் வழங்கியபோது அவருடைய சாதிப் பெயரை விட்டு, தேவசகாயம் என்றே திருச்சபை அறிவித்தது. அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், புனிதத்துக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று தனி அதிகாரமே எழுதியது. திருத்தந்தை பிரான்சிசும் 2018இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், நம் பக்கத்து வீட்டில் வாழும் புனிதர்களைப் பற்றிப் பேசினார். பொறுமையோடு பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், குடும்பத்துக்காக உழைக்கும் எளியவர்களும், நோயைச் சகித்துக்கொள்பவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் அவர்களைக் காண்பது கடினம் அன்று. விடியும் முன்னே எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அண்டி ஆபீசில் நாள் முழுதும் உட்கார்ந்து பருப்பு உடைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய், படுத்த படுக்கையான மாமியாரை முகம் சுளிக்காமல் கவனிக்கும் மருமகள், வெளிநாட்டில் வேலை செய்தும் குடும்பத்துக்கு உண்மையாக வாழும் கணவர் எல்லோரும் இந்த வழியில் நடக்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்ததே, நினைவிருக்கும். கடலில் போனவர்கள் திரும்பாதபோது, கடற்கரை ஊர் மக்கள் தங்கள் படகுகளிலேயே தேடிப் போனார்கள். தன் உயிரைப் பார்க்காமல் பிறரைத் தேடிப் போவதற்கு நற்செய்தியில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இன்றைய நற்செய்தியில் இயேசு மலைமேல் அமர்ந்து பேறுபெற்றோர் யார் என்று சொல்கிறார். ஏழை உள்ளத்தோர், துயருறுவோர், கனிவுடையோர், நீதிக்காகப் பசிதாகம் கொண்டோர், இரங்குவோர், அமைதிக்காக உழைப்போர், நீதியினிமித்தம் துன்புறுத்தப்படுவோர். இதில் பட்டம் பெற்றவர்கள் என்றோ பணக்காரர்கள் என்றோ யாரும் இல்லை. நம் வீட்டில், நம் வேலையில், நம் ஊரில் செய்யக்கூடியவைதான் எல்லாம்.

எனவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, நாம் பெயரைத் தாங்கியிருக்கும் புனிதரின் வாழ்வை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்போம். இரண்டாவது, பேசாமல் விட்ட ஒருவரிடம், ஒதுக்கி வைத்த ஒரு குடும்பத்திடம் நாமே முதலில் போவோம். முடிந்தால் அவர்களோடு ஒரு வேளை சாப்பிடுவோம். மூன்றாவது, மனம் உடைந்த ஒருவரின் பக்கத்தில், தெலனாய் அமர்ந்ததுபோல், சற்று நேரம் அமர்வோம். சொல்ல வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை; கூட இருப்பதே போதும்.

தேவசகாயம் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். புனிதம் நம் சொந்த முயற்சியால் எட்டும் உயரம் அன்று. கடவுளின் துணையால் எடுத்து வைக்கும் அடிகள். அவர் நம்மை அழைத்திருக்கிறார் என்றால், அதற்கான அருளையும் அவரே தருவார்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.