கூரை மேல் ஏறுவோர்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நமது வழக்கம். இம்முறை கூரையைப் பற்றிப் பேச நேர்ந்தமைக்குச் சென்ற ஆவணி மாதத்து நிகழ்ச்சி ஒன்றே காரணம்.

நம் காலனியில் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையின் கல்நார்த் தகடு ஒழுகிற்று. லேபர் சௌக்கில் நின்ற பீகார் இளைஞர் ஒருவரை அழைத்து வந்தோம். கூலியைப் பேரம் பேசினோம். எங்கே கால் வைப்பீர் என்று கேட்டோமில்லை. நான்காம் அடியில் தகடு உடைந்தது. உயரம் பதின்மூன்று அடியே. விழ ஒரு விநாடிகூட ஆகாது. ஆயினும் தரையைத் தொடும்பொழுது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைக் கடந்துவிடும். நம்மில் இருவர் அவரைக் கையும் காலும் பற்றித் தூக்கி ஆட்டோவில் திணித்தோம். முதுகெலும்பு முறிந்தவரை மடக்கித் தூக்கினால் தண்டுவடம் மேலும் கெடும் என்பதை மருத்துவமனையில்தான் அறிந்தோம். அசைக்காது கிடத்தி, 112-ஐ அழைத்திருக்க வேண்டும். இன்று அவர் தம் ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

அன்று பலரும் ‘கால் தவறிவிட்டது’ என்றனர். கால் தவறவில்லை, தகடு உடைந்தது. கல்நார்த் தகடு மழையைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது, மனிதரின் பாரத்திற்கன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை மிகும். மேலே படிந்த பாசியும் தூசும் விரிசலை மறைக்கும். மரக்கிளைபோல் முறியுமுன் ஓசையும் எழுப்பாது. (அதன் தூசு நுரையீரலுக்குத் தீது என்பது வேறு கதை.) திருகாணி வரிசையின் கீழ் இரும்புச் சட்டம் உண்டென்று அதன்மேல் நடப்பாரும் உளர், ஓரடி விலகினால் தீர்ந்தது. இரண்டு சட்டங்களுக்காவது மேலாக நீண்ட பலகை இட்டே ஏறவேண்டும். கூடுமாயின் கீழே சாரம் கட்டி வேலை செய்தல் அதனினும் நன்று. இடுப்பில் கயிறு போதும் என்பர் சிலர். தாழ்ந்த கூரையில் கயிறு நீண்டிருப்பின், அஃது இறுகுமுன் தரை வந்துவிடும்!

நிற்க. சட்டம் இல்லையோ எனின், உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாது வேலை செய்யும் இடங்களுக்கே எழுதப்பட்டது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையையும் அது விலக்கிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அவ்வரம்பு ஐம்பது லட்சமாயிற்று. ஆதலின் நம் கொட்டகையைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வாரார். அங்கே வேலை கொடுப்பவரும் நாமே, மேற்பார்ப்பவரும் நாமே.

தில்லிக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதிந்தவர்க்கு விபத்து உதவி உண்டு. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் பதியலாம். அவ்விளைஞர் பதிந்திருக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. காலனியில் திரட்டிய தொகையை அவர் தமையனாரிடம் கொடுத்தபொழுது அவர் எண்ணிப் பார்க்கவுமில்லை, வாங்கிக்கொண்டு போனார்.

சங்க அறையில் இப்பொழுது நீண்ட பலகைகள் நான்கும், உயரமான ஏணி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். நான்கடி உயரத்திற்கு ஓரடி வீதம் ஏணியின் அடியைச் சுவரினின்று தள்ளி வைக்கவேண்டும். கூரை வேலைக்கு ஆள் அழைக்கும் வீட்டார் முன்னாள் மாலையே வந்து எடுத்துச் செல்லலாம். வாடகை இல்லை, பதிவேட்டில் கையொப்பம் மட்டும் இட்டுச் செல்க.