ஒரு நாள் கன்னியாகுமரி



திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். அங்கே சாலைக் கடைத்தெருப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கிருந்து கன்னியாகுமரி ரயிலில் 87 கிலோமீட்டர்தான். 1979 முதல் ரயில் ஓடுகிறது. காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். ஆனாலும் பல வீடுகளில் “ஒரு நாள் போகணும்” என்பது வருடக்கணக்கில் பேச்சாகவே நிற்கிறது. காசு இல்லாதது மட்டுமா காரணம்? திட்டம் இல்லாததும் ஒரு காரணம்.

ஒரு வீட்டைப் பாருங்கள். கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மாமியார், ஒன்பது வயது மகள், நாலு வயது மகன். ஆக ஐந்து பேர். மனைவி நோட்டை எடுத்ததும் கணவர் சிரித்தார்.

“பஸ் ஏறினாப் போச்சு. இதுக்கு நோட்டு எதுக்கு?”

“போறதுக்கு நோட்டு வேண்டாம். திரும்பி வரணுமே, அதுக்குத்தான்” என்றார் மனைவி.

சரியான பேச்சு. திரும்பும் நேரத்தைத்தான் முதலில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பயணம். திங்கள் விடியும் முன் அவர் கடைத்தெருவில் சுமைக்கு நிற்க வேண்டும். போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் இரவு பத்து மணிக்குள் வீடு சேர வேண்டும். அதற்கு ஏற்ற ரயில் எது?

ரயில் நிலையத்தில் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதியிருப்பார்கள். 13க்கு மேல் இருந்தால் 12ஐக் கழியுங்கள். 17.30 என்றால் மாலை 5.30. இன்னொன்றிலும் கவனம் வேண்டும். ஞாயிறு 00.15 என்றால் அது சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிய நேரம். ஞாயிறு இரவு போய் நின்றால் ரயில் இருக்காது. நேரம் மாறவும் செய்யும். முதல் நாளே 139 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிக்கெட். முன்பதிவு இல்லாத பெட்டியில் 5 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயது நிறையும் வரை அரை டிக்கெட். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே பெரியவர்கள் 3, மகளுக்கு அரை. போக மூன்றரை, வர மூன்றரை. மொத்தம் 7 டிக்கெட் பணம். அதைத் தனியே முடிந்து வைத்தார்கள். கையில் இருக்கும் மற்றக் காசு செலவானாலும் இந்தக் காசைத் தொடக்கூடாது.

பிறகு யாருக்கு என்ன ஆசை என்று கேட்டு எழுதினார்கள். பாட்டிக்குப் பகவதி அம்மன் தரிசனம். உச்சி வேளைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். அதனால் காலையில் அதுதான் முதல் வேலை. மகளுக்குப் படகு. படகில் போனால் 1970இல் திறந்த விவேகானந்தர் பாறையைப் பார்க்கலாம். பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலை. இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. கணவருக்கு இரண்டு ஆசை. வழியில் பத்மநாபபுரம் அரண்மனை, மாலையில் சூரியன் கடலில் இறங்குவது.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். கூடிவரவில்லை. அரண்மனைக்கு மட்டுமே அரை நாள் ஆகும். சூரியன் மறையும்வரை நின்றால் குறித்து வைத்த ரயில் போய்விடும். தாளைப் பார்த்த கணவரே, “என்னோட ரெண்டையும் அடிச்சிடு. திங்கக்கிழமைக் கூலி முக்கியம்” என்றார். யாரும் சண்டை போடவில்லை. கணக்கே சொல்லிவிட்டது.

“அம்மா, உனக்கு என்ன வேணும்?” என்று மகள் கேட்டாள். அதுவரை யாரும் கேட்கவில்லை.

“அன்னிக்கு ஒரு நாள் நான் அடுப்புப் பத்த வைக்கக்கூடாது.”

வீடே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊர் சுற்றப் போகும் நாளில்தான் பெண்கள் விடியுமுன் மூன்று மணிக்கே எழுகிறார்கள். மற்றவர்களுக்கு அது விடுமுறை. அவர்களுக்கு? “முதல் நாள் ராத்திரி புளிச்சோறு நான் கிண்டுறேன். அவன் பொட்டலம் கட்டட்டும்” என்றார் பாட்டி. அதையும் நோட்டில் எழுதினார்கள்.

கடைசியாக மூன்று குறிப்பு. ஒன்று, பையனின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு. இரண்டு, பாறையும் அலையும் உள்ள இடத்தில் யாரும் கடலில் இறங்குவதில்லை. மூன்று, படகு ஓடாவிட்டால் என்ன செய்வது?

மூன்றாவது குறிப்புத்தான் உதவியது. அன்று காற்று பலமாக அடித்தது. அலை ஏறியிருந்ததால் படகை நிறுத்திவிட்டார்கள். மகளுக்கு முகம் வாடியது. ஆனால் வெயிலில் அலையவில்லை, ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை. நோட்டில் எழுதியிருந்தபடி காந்தி மண்டபம் போனார்கள். 1948இல் காந்தியடிகளின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடம் அது. மண்டபம் எழுந்தது 1956இல். அக்டோபர் 2 அன்று நண்பகல் வெயில் அந்த இடத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து வள்ளுவர் சிலையைப் பார்த்தபடியே புளிச்சோறு தின்றார்கள்.

திரும்பும் ரயிலைப் பிடித்தார்கள். குழித்துறை வரை ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் எழுதிய பெயர்ப் பலகையை மனைவி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தார். எந்த ஊர் வந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! இது கன்னியாகுமரிக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கும் பொருந்தும். திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள். திரும்பும் காசைத் தனியே வையுங்கள். வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். சமைப்பவரைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு நாளுக்குள் அடங்காததை விட்டுவிடுங்கள். விட்டதையும் எழுதி வையுங்கள். அந்த வீட்டு நோட்டில் அடுத்த பக்கம் இப்படித் தொடங்குகிறது: “படகு. அரண்மனை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, மறக்கக்கூடாது.”