தேளியை அறிந்து பிடிப்போம்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கோடையில் குட்டை வற்றும்போது ஊத்தா போட்டு மீன் பிடிக்கிறோம். ஊத்தாவின் மேல்வாய் வழியே கையை விட்டுச் சேற்றைத் துழாவுகிறோம். உள்ளே இருப்பது தேளியானால் கை தப்பாது. ஆகவே, மீனை இனம் கண்டு பிடிப்பது நலம்.

செதில் இல்லாமல், நான்கு இணை மீசையுடன், நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது தேளி. இதன் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. அடிப்புறத் துடுப்போ நீண்டு வாலருகே வரை செல்லும். பெரும்பாலும் ஓர் அடிக்குள்தான் வளரும். மார்புத் துடுப்புகளில் உள்ள முட்களில் நஞ்சு உண்டு.

இரண்டாவது நாட்டுக் கெளுத்தி. இதன் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வாலருகே வரை நீண்டிருக்கும். உடல் சீரான பழுப்பு நிறம். ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது.

மூன்றாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதற்கும் முதுகுத் துடுப்பு நீளமே. ஆனால், வளர்ந்த மீனின் உடலில் திட்டுத்திட்டாகக் கருமை படர்ந்திருக்கும். 1 மீட்டருக்கு மேலும் வளரும். மற்ற மீன்களையும் தவளைகளையும் விழுங்கிவிடும். வெள்ளத்தில் தப்பினால் ஏரி, ஆறுகளில் உள்ள நாட்டு மீன்களுக்கும் கேடு. இதை வளர்க்க நடுவண் அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்துள்ளது. குஞ்சுப் பருவத்தில் நாட்டுக் கெளுத்தியிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆகவே, விலை மலிவு என்று தெருவில் வரும் குஞ்சுகளை வாங்கிப் பண்ணைக் குட்டையில் விடாதீர்கள். மீன்வளத் துறையினரைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, பிடிக்கும் முறை. தேளி இருட்டிய பின் இரை தேடும். மண்புழுவைத் தூண்டிலில் கோத்து, இரை தரையைத் தொடும்படி மாலையில் போடுங்கள். அகப்பட்ட மீனை வெறுங்கையால் பற்றாதீர்கள். கைவலையில் ஏந்தி, வாளியில் இறக்கி, குறடு கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். ஊத்தாவில் சிக்கியதையும் சிறு கைவலையால் எடுங்கள். மழை தொடங்கி நீர் பெருகும் நாட்களில் சினை மீன்களை விட்டுவிடுங்கள். அவைதாம் அடுத்த ஆண்டின் விளைச்சல்.

தேளி குத்திவிட்டால் கடும் வலி எடுக்கும். காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை அமிழ்த்தி வையுங்கள். சூட்டை மறு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. வாயால் உறிஞ்சுவதும் கீறுவதும் கூடாது. பின்னர் மருத்துவரிடம் சென்று, முள் ஒடிந்து உள்ளே தங்கியுள்ளதா என்று பார்த்து, தேவையானால் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிக்குமுன் முதுகுத் துடுப்பைப் பாருங்கள். வளர்க்குமுன் குஞ்சின் இனத்தைக் கேளுங்கள். கையும் பிழைக்கும், குளமும் பிழைக்கும்.