படபடப்பு வந்தால் முதலில் நாடியை எண்ணுங்கள்

(சங்கத்தின் நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கூடவே இனம் தெரியாத ஒரு பயமும் வந்திருக்கும். அது ஏன் என்று பார்ப்போம்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்தின் இருபுறமும் உள்ள பெரிய ரத்தக்குழாய்களில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை சொன்னதும் மூளை இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. எல்லாம் சில நொடிகளில் தானாக நடக்கிற அனிச்சைச் செயல்.

பயந்தாலும் இதயம் இப்படித்தான் வேகமெடுக்கும். அதனால் இதயம் முதலில் ஓடினால், 'ஏதோ ஆபத்து' என்று மூளை எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி வேகமாகத் துடிக்க வைத்தார்கள். ஆபத்தான சூழலில் அவை வழக்கத்தைவிட அதிகமாகப் பதுங்கின. அதாவது, பயத்தால் படபடப்பு வருவதுபோல, படபடப்பாலும் பயம் வரலாம்.

வீட்டில் நாம் இரண்டு தவறு செய்கிறோம். ஒன்று, 'எல்லாம் மனசுதான்' என்று ஒதுக்கிவிடுவது. நின்ற 10 நிமிடத்துக்குள் நாடி 30 துடிப்புக்கு மேல் ஏறி, ரத்த அழுத்தம் இறங்காமலே இருக்கும் 'பாட்ஸ்' என்ற கோளாறு உண்டு. இளம் பெண்களிடம் அதிகம். பதற்றம் என்று பெயர் சூட்டப்பட்டே பலருக்கு ஆண்டுகள் போய்விடுகின்றன. பெரியவர்களுக்கோ நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கலாம். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தண்ணீர் குறைவு ஆகியவை காரணமாகலாம். கீழே விழுந்து எலும்பு முறிவது இப்படித்தான்.

இரண்டாவது தவறு, ஒவ்வொரு படபடப்பையும் மாரடைப்பு என்று பயந்து நடப்பதையே நிறுத்திவிடுவது. படுத்தே கிடந்தால் அந்த அனிச்சைச் செயல் இன்னும் மந்தமாகும், படபடப்பு கூடும்.

என்ன செய்யலாம்? 5 நிமிடம் படுத்திருந்து நாடியையும் பிரஷரையும் குறியுங்கள். எழுந்து நின்று 1, 3, 5, 10-ஆம் நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், உப்பைக் கூட்டாதீர்கள்.

எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். பதற்றம் வந்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு என்று மெதுவாக விடுங்கள். ஜெபமாலையோ மந்திரமோ சொல்லும்போது மூச்சு ஏறக்குறைய இந்த அளவுக்கு இறங்குவதையும், இந்த அனிச்சைச் செயல் கூர்மையாவதையும் 2001-இல் இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது.

நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்; 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனையில் எல்லாம் சரி, பதற்றம்தான் என்று தெரிந்தாலும் அதுவும் சிகிச்சைக்குரியதே. வீட்டில் யாராவது 'படபடங்குது' என்றால் 'சும்மா பயப்படாதே' என்று அனுப்பிவிடாமல், கையைப் பிடித்து நாடியை எண்ணுங்கள்.